பிரிட்டனில் டிரைவிங் பயிற்சியாளர் உரிமம் மறுக்கப்பட்டால்...

தஞ்சாவூரில் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்க 10-ம் வகுப்புத் தேர்ச்சி, 5 ஆண்டு ஓட்டிய அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பயிற்சி நிலையில் உள்ள ஆசிரியருக்கென்று இங்கே தனி உரிமம் இல்லை, பிரிட்டனில் உண்டு. டெல்டா ஊர்களிலிருந்து அங்கு சென்று இத்தொழிலுக்கு முயல்வோரும் அவர்கள் குடும்பத்தாரும் இதை அறிந்திருப்பது நல்லது.

மூன்று தேர்வுகளில் முதல் இரண்டில் தேறியவருக்கு, மூன்றாவதான கற்பித்தல் தேர்வுக்கு அனுபவம் பெற 6 மாத உரிமம் கிடைக்கும். அதை வைத்துக் கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் பெரும்பாலும் மறுப்பு வருகிறது. 6 மாதம் போதுமானது, தேர்வுக்கு இந்த உரிமம் கட்டாயமில்லை என்பதே பதிவாளர் வழக்கமாகச் சொல்லும் காரணம்.

மறுக்க உத்தேசித்துள்ளதாகக் கடிதம் வந்தால் 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பிறகும் மறுத்தால் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. உரிமம் அனுபவத்துக்காகத் தரப்படுவது என்பதால், "வருமானம் போய்விடும்" என்ற வாதம் மட்டும் எடுபடாது. மருத்துவச் சான்று, தேர்வு ரத்தான கடிதம், வகுப்பெடுத்த கணக்கு ஆகியவற்றை இணையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: பழைய உரிமம் முடியும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் மேல்முறையீடு முடியும்வரை அது செல்லும். தாமதித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. உரிமமின்றிக் கட்டணம் வாங்குவது குற்றம்.

மேல்முறையீட்டில் தோற்றாலும் வழி அடைபடாது. முதல் தேர்வில் தேறி 2 ஆண்டுகளுக்குள், மொத்தம் 3 வாய்ப்புகளில், கற்பித்தல் தேர்வை உரிமமின்றியும் எழுதலாம்.