கடைக்கால் குழியருகே ஒருவர்

பீகார் மாநிலத்துச் சௌசா என்னும் ஊரில் 1931ஆம் ஆண்டு மண் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்க்கு 18 வெண்கலப் பொருள்கள் கிட்டின. அவற்றுள் தீர்த்தங்கரர் திருமேனிகள் 16. நின்ற கோலத்தன 10, அமர்ந்த கோலத்தன 6. எஞ்சியவை அறவாழியும் கற்பகத் தருவும். தோளில் தவழும் சடையால் விருஷப தேவரையும், பிறையால் சந்திரப்பிரபரையும் நம் இல்லத்துச் சிறுவரும் இனங்காண்பர். நாட்டின் மிகப் பழைய சமண வெண்கலத் தொகுதிகளுள் ஒன்றாகப் போற்றப்படும் இஃது, அகழாய்வில் மண்ணடுக்கோடு பதிவு செய்யப்பெற்றதன்று. ஆதலின் இவற்றின் காலத்தைப் பெரிதும் வடிவமைதி கொண்டே கணிக்கின்றனர். பொருள் கிடைத்தது, அது கிடந்த மண் கூறியிருக்கக்கூடிய செய்தி போயிற்று.

இவ்விழப்பைத் தவிர்க்கும் முறையொன்று இங்கிலாந்தில் படிப்படியாக உருவாயிற்று. 1954இல் இலண்டன் வால்புரூக் பகுதியில் அலுவலகக் கட்டடம் எழவிருந்த மனையில், கிரைம்ஸ் என்னும் அறிஞர் மித்ராஸ் தெய்வத்தின் உரோமானியக் கோயிலைக் கண்டார். மக்கள் திரள்திரளாக வந்து பார்த்தனர். எனினும் கற்கள் பெயர்க்கப்பட்டு வேறிடத்தில் அடுக்கப்பட்டன. 1989இல் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளத்திற்கும் ஊறு நேரவிருந்தபோது நடிகர்களே திரண்டு நின்றனர். மறு ஆண்டே, கட்டட அனுமதி வழங்குமுன் தொல்லியலையும் கருத வேண்டுமெனும் அரசின் நெறிமுறை வந்தது. பின்னர் 2010 முதல் 2014 வரை அதே வால்புரூக் மனையை ஆய்ந்தபோது உரோமானியர் எழுதிய மரப்பலகைகள் 405 கிடைத்தன. அவற்றுள் ஒரு கடன் பத்திரம் கி.பி. 57 சனவரி 8ஆம் நாளினது!

சிறு பணிகளுக்கு இத்துணைப் பெரிய ஆய்வு வேண்டுவதில்லை. தொல்லியலாளர் ஒருவர் இயந்திரத்தின் அருகே நிற்பார். பற்களில்லாத வாளியால் மண் மெல்லிய அடுக்குகளாகச் சீவப்படும். மண்ணின் நிறம் மாறினாலோ ஓடு தென்பட்டாலோ அவர் கையுயர்த்துவார், பொறி நிற்கும். அளந்து, வரைந்து, படமெடுத்த பின்னரே பணி தொடரும்.

நம் நாட்டில், நடுவண் அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்திற்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. நம் சிற்றூர் ஜினாலயங்கள் பலவும் அப்பட்டியலில் இல்லாதவை. அங்கே சுற்றுச்சுவர், மடைப்பள்ளி, தங்கும் விடுதி எனத் தோண்டுவோர் பிறரல்லர், நாமே. திருப்பணிக்கு ஸ்தபதியை அமர்த்தும் நாம், கடைக்கால் தோண்டும் நாள்களில் தொல்லியல் அறிந்த ஒருவரையும் அழைத்துக் குழியருகே நிறுத்தினால் என்ன? பந்தற் செலவினும் இது மிகுமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஏதேனும் வெளிப்பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்துக. கிடந்த நிலையிலேயே அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஆழத்தைக் குறித்துக்கொள்க. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எதனையும் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் கடமை. திருமேனியைப் புளியிட்டுத் துலக்குதல் மட்டும் வேண்டா. பீடத்தில் ஓரெழுத்து எஞ்சியிருப்பினும் அஃது அழிந்துபோகும்.