மூலமும் உரையும்: ஐரோப்பிய ஒன்றியச் சட்ட வளர்ச்சியில் ஒப்பந்தங்கள்

முன்னுரை

ஒரு நாட்டின் சட்டங்களுக்கு அதன் அரசமைப்பு மூலமாக விளங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு அத்தகைய அரசமைப்பு இல்லை. உறுப்பு நாடுகள் தம்முள் செய்துகொண்ட ஒப்பந்தங்களே அதன் நிறுவனங்களுக்கும் சட்டங்களுக்கும் மூலமாக அமைந்துள்ளன. எனினும், அவ்வொப்பந்தங்களால் தோன்றிய நீதிமன்றம், மூலத்தில் வெளிப்படையாகக் கூறப்படாத சில கோட்பாடுகளை அதன் பொருளாகக் கண்டு உரைத்தது. அவற்றுள் ஒன்று பின்னர் மூலத்தில் இடம்பெற்றது, மற்றொன்று இடம்பெறவில்லை. இவ்வேறுபாட்டினை வரலாற்று நிலையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பந்தங்கள் வகுத்த நிறுவனங்கள்

பிரான்சு, மேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் நிலக்கரி, எஃகு உற்பத்தியைப் பொது அமைப்பு ஒன்றின்கீழ்க் கொணரும் திட்டத்தை, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் சூமன் 1950 மே 9இல் முன்மொழிந்தார். அதன் பயனாக 1951 ஏப்ரல் 18இல் பாரிசு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இவ்விரு நாடுகளுடன் இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியனவும் அதில் இணைந்தன. உயர் ஆணையம், அமைச்சரவை மன்றம், பொதுப் பேரவை, நீதிமன்றம் என்னும் நான்கு அமைப்புகளை அவ்வொப்பந்தம் தோற்றுவித்தது. அதற்கு 50 ஆண்டுக் கால எல்லை வகுக்கப்பட்டிருந்தமையால், 2002 ஜூலையில் அது முடிவுற்றது. 1957 மார்ச் 25இல் கையெழுத்தான ரோம் ஒப்பந்தங்களோ கால எல்லையின்றிச் செய்யப்பட்டன.

நிறுவனங்களின் அதிகாரமும் ஒப்பந்தந்தோறும் மாறியது. இதற்குப் பேரவையின் வளர்ச்சி தக்க சான்றாகும். ரோம் ஒப்பந்தத்தின்படி, சட்டமியற்றலில் அது கருத்துரை வழங்கும் அவையாக மட்டுமே இருந்தது. 1979இல் அதன் உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 1992ஆம் ஆண்டின் மாஸ்டிரிச்ட் ஒப்பந்தம், சில துறைகளில் அமைச்சரவை மன்றத்துடன் இணைந்து முடிவெடுக்கும் உரிமையை அதற்கு அளித்தது. 2007இல் கையெழுத்தான லிஸ்பன் ஒப்பந்தம் அம்முறையையே சட்டமியற்றலின் வழக்கமான நடைமுறையாக்கியது.

நீதிமன்றம் கண்ட பொருள்

மேற்கு ஜெர்மனியிலிருந்து வேதிப்பொருள் இறக்குமதி செய்த டச்சு நிறுவனம் ஒன்று, தன்மீது விதிக்கப்பட்ட சுங்கவரி ரோம் ஒப்பந்தத்திற்கு முரணானது என வழக்குத் தொடுத்தது. நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தனியார் தம் உரிமைக்குச் சான்றாகக் காட்டலாமா என்பதே வினா. காட்டலாம் என 1963இல் வான் கெண்ட் என் லோஸ் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு கோஸ்டா வழக்கில், உறுப்பு நாட்டுச் சட்டம் முரண்படுமிடத்துச் சமூகச் சட்டமே மேலோங்கும் என்றது. இம்மேலாண்மைக் கோட்பாட்டை வெளிப்படையாகக் கூறும் விதி எதுவும் ரோம் ஒப்பந்தத்தில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அடிப்படை உரிமைகளின் பட்டியலும் அவ்வொப்பந்தத்தில் இல்லை. 1969ஆம் ஆண்டின் ஸ்டௌடர் வழக்கு, நலிந்தோர்க்குக் குறைந்த விலையில் வெண்ணெய் வழங்கும் திட்டத்தைப் பற்றியது. பயனாளியின் பெயர் சீட்டில் இருத்தல் வேண்டும் என்று அத்திட்ட ஆணையின் ஜெர்மன் பாடம் கூறியது. வேறு சில மொழிப் பாடங்கள் அவ்வாறு வற்புறுத்தவில்லை. பாடங்களை ஒப்புநோக்கிய நீதிமன்றம், பயனாளிக்குச் சுமை குறைந்த பொருளையே கொண்டது. அடிப்படை உரிமைகள் சமூகச் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளுள் அடங்கும் என்றும் உரைத்தது.

மூலமான உரையும் மூலமாகாத உரையும்

சமூகச் சட்டத்தில் உரிமைப் பட்டியல் இல்லாதவரை அச்சட்டத்தைத் தாமே ஆராய்வதாக ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் 1974இல் அறிவித்தது. இத்தகைய எதிர்ப்பு உரிமைக் கோட்பாட்டை வலுப்படுத்தியது. மாஸ்டிரிச்ட் ஒப்பந்தம் அதனை ஏற்றது. லிஸ்பன் ஒப்பந்தம் உரிமைச் சாசனத்திற்கு ஒப்பந்தங்களுக்கு நிகரான மதிப்பை அளித்தது.

மேலாண்மைக் கோட்பாட்டின் நிலை வேறு. 2004இல் கையெழுத்தான அரசமைப்பு ஒப்பந்தம் அதனைத் தனி விதியாகவே எழுதியது. ஆயின், 2005இல் பிரான்சு, நெதர்லாந்து மக்கள் பொதுவாக்கெடுப்பில் அவ்வொப்பந்தத்தை மறுத்தனர். லிஸ்பன் ஒப்பந்தத்தில் அவ்விதி நீக்கப்பட்டு, நீதிமன்றத் தீர்ப்புகளை நினைவூட்டும் 17ஆம் அறிவிப்பாகப் பின்னிணைப்பில் மட்டும் நின்றது. உரிமைகள் ஒன்றியத்தின் அதிகாரத்திற்கு வரம்பிடுவன. மேலாண்மையோ உறுப்பு நாடுகளின் அதிகாரத்திற்கு வரம்பிடுவது. முன்னதற்கு மூலத்தில் இடம் கிடைத்தமைக்கும் பின்னதற்குக் கிடைக்காமைக்கும் இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

ஒப்பந்தங்கள் நிறுவனங்களைப் படைத்தன. நிறுவனங்கள் ஒப்பந்தங்களின் பொருளை விரித்தன. எனினும், மூலத்தைத் திருத்தும் உரிமை உறுப்பு நாடுகளிடமே உள்ளது. லிஸ்பன் ஒப்பந்தம் வகுத்த 50ஆம் விதியின் வழியே 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. உரை எத்துணை விரிந்தாலும், மூலத்தை ஏற்பதும் அதனினின்று நீங்குவதும் நாடுகளின் விருப்பத்தைச் சார்ந்தவை என்பதை இதனால் அறியலாம்.