உன்னிச்சைப் பாடசாலைகளும் சாதாரண தரச் சதவீதமும்: பகுதியெண் குறித்த ஒரு மறுப்பு

உன்னிச்சை போன்ற, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களின் பாடசாலைகளில் மாணவர் தொகை குறைவதற்கு அவற்றின் தாழ்ந்த பெறுபேறே காரணம் என்று ஓர் ஆய்வுப் போக்கு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அம்முடிவின் சுமை முழுவதையும் ஒரேயொரு சான்றுதான் தாங்குகிறது: க.பொ.த. சாதாரண தரத்தில் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றோர் சதவீதம். இதன் பகுதியெண் பரீட்சைக்குத் தோற்றியோரை மட்டுமே எண்ணுகிறது. அப்பாடசாலை எழுத்தறிவித்த பிள்ளைகள் அனைவரையும் எண்ணுவதில்லை. பெறுபேறு தாழ்வதால் பிள்ளைகள் போகிறார்கள் என்பதைவிட, பிள்ளைகள் போவதால் பெறுபேறு தாழ்ந்து தெரிகிறது என்று வாசிப்பதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வேலை இரண்டு. ஒன்று உதவிப்பணம், மற்றது, வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களுக்குத் தரம் 6இல் பெயர்பெற்ற பாடசாலைகளின் கதவைத் திறப்பது. படுவான்கரைப் பிள்ளைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் வாவிக்கு அப்பால், வலையிறவுப் பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பு நகரத்தில் இருக்கிறது. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் அங்கேதான். ஒரு கணக்கைக் கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். ஐந்தாம் தரத்தில் 12 பேர். இருவர் சித்தியடைந்து நகரத்துக்குப் போகிறார்கள். எஞ்சிய பத்துப் பேரில் நால்வர் பின்னர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றால் 40 சதவீதம். போன இருவரும் இருந்திருந்தால் அது 50 ஆகியிருக்கும். ஆரம்பப் பிரிவு எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறதோ, அவ்வளவுக்கு அதே பாடசாலையின் சாதாரண தரப் பெறுபேறு கீழிறங்க இடமுண்டு. திறமைக்குத் தண்டம் கட்டுவது என்றால் இதுதான். சிற்றூரிலிருந்து சித்தியடைவோர் ஓரிருவர்தானே என்பார்கள். பத்துப் பேர் எழுதும் பரீட்சையில் ஒருவரே பத்துச் சதவீதம்.

காலவரிசை ஒப்பீடும் இதே கோளாறுடையது. கட்டாயக் கல்வியின் மேல் வயதெல்லை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. முன்னர் வயலுக்கோ கூலிக்கோ போய்ப் பரீட்சை மண்டபத்தை எட்டாமலே நின்றுவிட்ட பிள்ளை இப்போது தோற்றுகிறது; தவறினால் சதவீதம் சரிகிறது. இடைவிலகல் குறைந்தது என்ற நல்ல செய்தி அட்டவணையில் வீழ்ச்சியாகவே பதிவாகும். 2007ஆம் ஆண்டுப் போரில் படுவான்கரை இடம்பெயர்ந்ததைக் கணக்கில் எடுக்காமல் அதற்கு முன்னும் பின்னுமான சேர்வுத் தொகைகளை ஒரே கோட்டில் இணைப்பது அதைவிட மோசம். ஆசிரியர் பற்றாக்குறையே போதிய விளக்கம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: பற்றாக்குறை உண்மை, ஆனால் அது பிழையான பகுதியெண்ணைச் சரியாக்கிவிடாது. முதலாம் தரத்திலேயே நகரத்தில் சேர்க்கப்படும் பிள்ளைகளை என் விளக்கம் தொடவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மாற்றுச் சான்று தொலைவில் இல்லை. பெயர் 'மட்/மமே' என்று தொடங்கும் மட்டக்களப்பு மேற்கு வலயத்தின் ஒவ்வொரு பாடசாலையும் சேர்வு இடாப்பு வைத்திருக்கிறது, விடுகைப் பத்திரம் வழங்குகிறது. முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை எங்கே சாதாரண தரம் எழுதினாலும் அப்பெறுபேற்றை முதற் பாடசாலையின் கணக்கிலும் காட்ட இவ்விரண்டும் போதும். அப்படிச் செய்யும்வரை, குறைந்த பெறுபேற்றைக் காட்டி ஒரு சிறு பாடசாலையை மூடவோ இணைக்கவோ கல்வித் திணைக்களத்துக்கு நியாயமில்லை.