உறுதி அவள் பேரில், ஆட்சி யார் கையில்?
மட்டக்களப்பு மாதரின் சொத்துரிமையும் தொழிற்றலைமையும்

மாதர் தொழில் நிலையங்களுக்குத் தலைமை தாங்குவது பற்றி இக்காலத்திலே பெரிதும் பேசப்படுகிறது. சென்னையிற் பிறந்த இந்திரா நூயி 2006 முதல் 2018 வரை அமெரிக்காவின் பெப்சிக்கோ நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக விளங்கினார் என்பதை நம் இளைஞர் பலர் அறிவர். இத்தகைய பெயர்களைக் கேட்கும்போது, பெண் பொருளுக்கு அதிபதியாவது கடல் கடந்து வந்த புதுமை என்றே எண்ணத் தோன்றும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் எமக்கோ அது புதுமையன்று. வீடும் வளவும் வயலும் பெண்ணின் பேரில் இருப்பதே எமது பகுதியின் பழைய வழக்கம். எனினும், சொத்து அவளுடையதாயிருந்தும், கடைத்தெருவிலே தொங்கும் பெயர்ப்பலகைகளிலும் ஆலோசனைச் சபைகளிலும் அவள் பெயர் அரிதாகவே காணப்படுகிறது. இஃது ஏன் என்பதை எமது சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய விரும்புகிறோம்.

முதலிலே கர்ணபரம்பரையை நோக்குவோம். எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் பதிப்பித்து வெளியிட்ட ‘மட்டக்களப்பு மான்மியம்’ உலகநாச்சி என்னும் அரசகுமாரியைப் பற்றிக் கூறுகிறது. கலிங்க நாட்டிலிருந்து வந்த அவள் இலங்கை மன்னனிடம் நிலம் பெற்று, காடு திருத்தி, மண்முனையிலே தன் இருக்கையை அமைத்து, குடிகளை வரவழைத்து நிலைபெறச் செய்தாள் என்பது வரலாறு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தையும் அவள் பெயரோடு தொடர்புபடுத்துவர். இவற்றையெல்லாம் கல்வெட்டுச் சான்று போற் கொள்ள இயலாது. ஆயினும், ஒரு சமூகம் தனது தோற்றத்தைப் பற்றிக் கதை சொல்லும்போது, நிலம் பெற்றவளும் ஊர் அமைத்தவளும் ஒரு பெண்ணே என்று சொல்லத் துணிந்தது கவனிக்கத்தக்கது. வேறு நாடுகளின் கதைகளிலே அரசகுமாரி பெரும்பாலும் சீதனத்தோடு அனுப்பப்படுபவள். எமது கதையிலே அவள் மானியம் பெறுபவள்.

கதை நிற்க, வழக்கத்துக்கு வருவோம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடிவழி தாயைக் கொண்டே எண்ணப்படும். தாய் எக்குடியோ பிள்ளையும் அக்குடி. ஒரே குடியில் மணம் செய்வதில்லை. கோயிற் திருவிழா முறைகளும் குடிகளின் பேரிலேயே பகுக்கப்பட்டுள்ளன. காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரையிலுள்ள முஸ்லிம் மக்களிடத்தும் இத்தாய்வழிக் குடிமுறையும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் உள்ளன. எனவே இது ஒரு மதத்தின் விதியன்று, இவ்வாவிக்கரையின் விதி.

மகள் பருவமெய்தியதும் பெற்றோரின் கவலை வீட்டைப் பற்றியதே. மூத்தவளுக்கு மணமாகும்போது இருக்கும் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோரும் இளையவர்களும் அருகே வேறொரு வீடு கட்டிக்கொண்டு செல்வர். அடுத்த மகளுக்கு அவ்வீடு. மாப்பிள்ளை தன் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்கு வருவான். இம்மலரை வாசிக்கும் குடும்பத்தலைவர்களிற் பலரும் மனைவியின் கூரையின்கீழ் இருந்தே வாசிக்கிறார்கள் என்று நாம் கூறினால் அவர்கள் கோபங்கொள்ளமாட்டார்கள் என நம்புகிறோம். படுவான்கரை வயல்களிற் பல ஏக்கர் இவ்வாறே தாயிடமிருந்து மகளுக்கு இறங்கியவை. ஊரிலே ‘போடியார்’ என்று மதிக்கப்பட்டவரின் வயலைத் துருவிப் பார்த்தால், அதிற் பெரும்பங்கு மனைவியின் சீதனமாயிருப்பதுண்டு.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. வயல் அவளுடையது, போடியார் பட்டம் அவனுடையது. வேளாண்மைக் கூட்டத்துக்குச் செல்பவனும், முல்லைக்காரனை நியமிப்பவனும், விதைநெல்லுக்குக் கடன் வாங்குபவனும், சூடடித்த நெல்லை வியாபாரிக்கு விலை பேசுபவனும் ஆடவனே. கோயிலிலும் குடியை எண்ணுவது தாய்வழியே ஆனாலும், அக்குடியின் பேரால் வண்ணக்கராக அமர்பவர் ஆண். பழைய முக்குவர் வழக்கத்தைப் பற்றிச் சட்டத்தரணி பிரிட்டோ 1876இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வழக்கத்தின்படி, முதுசொம் ஒருவனின் மகனுக்குச் செல்லாமல் அவனுடைய சகோதரியின் மகனுக்கே செல்லும். அதாவது உரிமை பெண்ணின் வழியாக இறங்கியது, ஆனால் மாமன் கையிலிருந்து மருமகன் கைக்கு மாறியது. வழியாயிருந்தவள் பெண். வழியிற் சென்றவர்கள் ஆண்கள்! பின்னாளிலே இம்முறை தேய்ந்து, சொத்து நேரே மகளுக்குச் சீதனமாக எழுதப்படும் முறை வலுப்பெற்றது. அப்பொழுதும் நிருவாகம் மாத்திரம் இடம்பெயரவில்லை. கிழக்கிலங்கையிலே கணவனின்றிக் குடும்பம் நடத்தும் பெண்களைப் பற்றி 2006இல் ஆங்கில நூலொன்று எழுதிய கஞ்சனா ருவன்புர, ‘தாய்வழிச் சமூகங்கள், தந்தையாதிக்க நிலைமைகள்’ என்ற பொருள்படவே அதற்குத் தலைப்பிட்டார். எமது நிலையை இதனினுஞ் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இது வாவிக்கரைக்கு மாத்திரம் உரிய குறையென்று யாரும் எண்ணவேண்டாம். சென்னையிலுள்ள புகழ்பெற்ற முருகப்பா குழுமத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னாள் தலைவர் எம். வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு ஆண்மக்கள் இல்லை. மனைவிக்கும் இரு புதல்வியருக்கும் அம்பாடி முதலீட்டுக் கம்பனியில் 8 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்கு கிடைத்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம் அமெரிக்காவிலே அணுப்பொறியியல் கற்றவர். அவர் நெறியாளர் சபையில் இடம் கேட்டார். 2020 செப்ரெம்பரில் நடந்த பொதுக்கூட்டத்திலே பங்குதாரரின் வாக்குகள் மிகப் பெரும்பான்மையாக அவருக்கு மாறாக விழுந்தன. 2023இல் குடும்பத்தார் தமக்குள் இணக்கம் செய்துகொண்டனர். தந்தைவழிச் சமூகத்தின் கோடீசுவரர் வீட்டிலும், தாய்வழிச் சமூகத்தின் போடியார் வீட்டிலும் ஒரே காட்சி. பங்கு உண்டு, ஆசனம் இல்லை. இதற்கு மாறான உதாரணமும் அதே சென்னையில் உண்டு. உழவு இயந்திரம் செய்யும் டாஃபே நிறுவனத்தை நடத்திய சிவசைலம் தன் மகள் மல்லிகா சீனிவாசனை 1986 முதலே தொழிலிற் பழக்கினார். 2011இல் அவர் தலைவரானார். தந்தை மகளுக்குக் கொடுத்தது பங்கு மாத்திரமன்று, இருபத்தைந்து ஆண்டுப் பயிற்சியுமாகும்.

இனி, எமது பெண்களிடம் இருந்த சொத்துரிமையாவது முழுமையாக நிலைத்ததா என்று பார்ப்போம். நிலைக்கவில்லை. அதைக் குறைத்தது ஊர்வழக்கமன்று, கச்சேரியிலிருந்து வந்த கடதாசி.

பிரிட்டோவின் நூல் வெளிவந்த அதே 1876இலே, 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மணச்சொத்துக்கும் வாரிசுரிமைக்கும் பொதுவிதி வகுத்தது. யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை விலக்களிக்கப்பட்டது. மட்டக்களப்பாரின் வழக்கத்துக்கு அவ்விலக்குக் கிட்டவில்லை. அச்சட்டப்படி மனைவி தனது அசைவற்ற சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியதாயிற்று. 1923இல் வந்த விவாகமான பெண்களின் சொத்துச் சட்டமே பொதுச் சட்டத்துக்கு உட்பட்டோரிடமிருந்து இத்தளையை நீக்கிற்று. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, தன் வயலை ஈடுவைத்து ஒரு தொழிலைத் தொடங்க எண்ணிய பெண் கணவனின் கையெழுத்துக்குக் காத்திருந்தாள்.

அதன்பின் வந்தது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். முடிக்குரிய காணியை அனுமதிப்பத்திரத்தின் பேரில் ஏழை விவசாயிகளுக்கு வழங்குவது அதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆனால் பின்னுரிமையாளர் குறிக்கப்படாமற் காணிக்காரர் இறந்தால் காணி யாருக்கு என்பதற்கு அச்சட்டம் ஒரு வரிசை வகுத்தது. அவ்வரிசையிலே மகன் முன், மகள் பின். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பெற்று, அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிலே பெருந்தொகையான நிலம் பாசனத்துக்கு வந்தது. அப்பகுதி 1961இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. தலைமுறை தலைமுறையாக மகளுக்கு வயல் எழுதிய நாட்டிலே, அரசாங்கத்தின் புதுவயல் மாத்திரம் மகனைத் தேடிச் சென்றது. இதனைக் கண்டித்து அக்காலத்தில் எவரேனும் உரக்கப் பேசியதாக நாம் அறியோம். குடியேற்றம் பற்றிய பெருவழக்குகளின் ஆரவாரத்திலே இச்சிறுவழக்கு அமிழ்ந்துபோயிற்றுப் போலும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து கரையோர வீடுகளை வாரிச்சென்றது. அவ்வீடுகளிற் பல சீதன வீடுகள். உதவி நிறுவனங்கள் புதுவீடு கட்டித் தந்தன. பத்திரத்தில் ‘குடும்பத்தலைவர்’ என்ற இடத்திலே கணவனின் பெயரை உத்தியோகத்தர் எழுதினர். தாயிடமிருந்து பெற்ற வீடு கடலோடு போக, ஈடாக வந்த வீடு கணவனுடையதாயிற்று. மட்டக்களப்பிலே பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் கூட்டுரிமை வேண்டின.

இவை வெறும் சட்டநுணுக்கங்கள் என்று கருதவேண்டாம். தொழிலுக்கு முதல் வேண்டும். முதலுக்கு வங்கி வேண்டும். வங்கி கேட்பதோ உறுதி. உறுதி தன் பேரில் உள்ளவள் வங்கி மேலாளருக்கு எதிரே நாற்காலியில் அமரலாம். அது இல்லாதவள் காதணியை அடகு வைக்கிறாள், அல்லது வாரந்தோறும் வாசலுக்கு வரும் நுண்கடன்காரரிடம் கைநீட்டுகிறாள். 2009 வரை நீடித்த போர் எமது மாவட்டத்திலே ஆயிரக்கணக்கான பெண்களைக் குடும்பத்தின் தனித்தூண்களாக்கிவிட்டது. அவர்கள் நெல் அவித்துக் குற்றி விற்றனர், இடியப்பம் அவித்தனர், பன்பாய் இழைத்தனர், கோழி வளர்த்தனர், தையல் இயந்திரம் ஓட்டினர். ஒரு பெண் தன் அடுப்படியில் வைத்து நாள்தோறும் கொள்வனவும் உற்பத்தியும் விலைநிருணயமும் கடன்வசூலும் செய்வாளாயின், அவள் செய்வது நிருவாகமே. அதைக் ‘கைத்தொழில் உதவி’ என்று எழுதுவது எமது அறிக்கைகளின் வறுமை. ஆனால் முதலின்றி அத்தொழில் அடுப்படியை விட்டு வெளியே வளரவில்லை. வளர்ந்தது கடன்தான். 2018இலே, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே நீக்க முன்வரவேண்டிய நிலை உண்டாயிற்று.

வைகாசியிலே கண்ணகையம்மனுக்குக் குளிர்த்தி பாடும் ஊர்கள் எம்முடையவை. கணவனை இழந்த பின் தன் சிலம்பைக் கையிலேந்தி, அது தன்னுடையதே என்று அரசவையில் நிறுவியவள் அவள். அவளை வணங்கும் கோயில்களின் பரிபாலன சபைகளிலே கணக்குப் புத்தகம் எவர் கையில் இருக்கிறது என்பதை வாசகர்கள் தத்தம் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆண்முதல் வரிசை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. இப்போது பிள்ளைகளுள் மூத்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் முன்னுரிமை பெறுவர். எனினும், அதற்கு முன்னரே ஆண்மக்களின் பேருக்கு மாறிவிட்ட காணிகள் மாறியபடியே உள்ளன. அனுமதிப்பத்திரக்காரர் உயிரோடிருக்கும்போது பின்னுரிமையாளராகத் தம் வாழ்க்கைத்துணையையோ சட்டம் குறிப்பிடும் உறவினருள் ஒருவரையோ, மகளாயினும், குறிக்கலாம் என்னும் விதி அச்சட்டத்தில் உள்ளது. பிரதேச செயலகத்திலே அதற்குரிய பதிவைச் செய்துகொள்ளலாம். படுவான்கரையில் அரசகாணி வைத்திருக்கும் தந்தையரும் தாயாரும் தமது பத்திரத்தில் அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறதா என்று இவ்வாண்டே பார்ப்பது நன்று.