லைசோசோம் மீளுருவாக்கமும் சர்க்கரைக் கடத்தலும்

பட்டினி கிடக்கும் செல், செரிமானத்தில் செலவழித்த லைசோசோம்களை மறுபடி உண்டாக்கிக்கொள்வதே லைசோசோம் மீளுருவாக்கம். இதற்குச் செரித்துக் கிடைத்த சர்க்கரை வெளியேறியாக வேண்டும் என்று கருதப்பட்டது.

செல்லுக்குள் பொருள்களைச் செரிக்கும் சவ்வுப் பையான லைசோசோமை 1955இல் இனங்கண்டவர் பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவ். உணவு கிடைக்காத செல், தன் உட்பொருள்களில் சிலவற்றைச் சவ்வுப் பையில் சுற்றி, லைசோசோமுடன் இணைத்துக் கரைக்கிறது. தன்னுண்ணல் எனப்படும் இந்நிகழ்வின் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படி இணைந்து இணைந்தே தனி லைசோசோம்கள் குறைந்துபோகின்றன.

அவை எப்படித் திரும்புகின்றன என்பதை 2010இல் லீ யூ, மைக்கேல் லெனார்டோ ஆகியோரின் குழு காட்டியது. கரைந்த பொருளிலிருந்து கிடைக்கும் ஊட்டம், எம்டார் என்ற புரதத்தை மீண்டும் இயங்கவைக்கிறது. உடனே தன்னுண்ணல் தணிகிறது. செரித்து முடித்த பைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் நீண்டு, அறுபட்டு, புது லைசோசோம்களாக முதிர்கின்றன.

சர்க்கரையின் பங்கு 2011இல் வெளிப்பட்டது. லைசோசோம் சவ்வில் ஸ்பின்ஸ்டர் என்றொரு கடத்திப் புரதம் உண்டு; பழ ஈ முதல் மனிதர் வரை அது இருக்கிறது. அதை நீக்கிய செல்களில் பைகள் பெருத்துத் தேங்கின, குழாய்கள் உருவாகவில்லை, எம்டாரும் மீண்டும் இயங்கவில்லை. சர்க்கரையைக் கடத்தும் திறனை மட்டும் இழந்த ஸ்பின்ஸ்டரால் இக்குறையைப் போக்க முடியவில்லை. சர்க்கரை உள்ளே தேங்கினால் லைசோசோம் பாதிக்கப்படும் என்பதற்கு முன்பே சான்று ஒன்று இருந்தது. செல்களுக்குச் சுக்ரோஸ் ஊட்டினால், அதைச் செரிக்க இயலாத லைசோசோம்கள் நீரை இழுத்து வீங்கும். இன்வர்டேஸ் நொதியைத் தந்தால் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிந்து வெளியேற, வீக்கம் வடியும்.

2022இல் வெளியான ஆய்வு, மனிதரின் ஸ்பின்ஸ்டர்-1 லைசோபாஸ்போலிப்பிடு எனும் கொழுப்புப் பொருளை வெளியேற்றுவதாகக் காட்டியது. ஆகவே ஸ்பின்ஸ்டரின் முதன்மைச் சரக்கு சர்க்கரைதான் என்று இன்று அடித்துச் சொல்ல இயலாது. உள்ளே தேங்கும் சர்க்கரை லைசோசோமைக் கெடுக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

செரிக்கும் நொதி குறைவதற்கும், செரித்ததை வெளியேற்றும் கடத்தி குறைவதற்கும் உள்ள வேறுபாடு மருத்துவத்திலும் முக்கியமானது. போம்பே நோயில் லைசோசோமுக்குள் கிளைக்கோஜனை வெட்டும் நொதி குறைபடுகிறது. அதை ஊசி வழியே ஈடுசெய்யலாம்.  சல்லா நோயில் குறைபடுவது சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை வெளியேற்றும் கடத்தி. அது சவ்வில் பதிந்திருக்க வேண்டிய புரதம் என்பதால், நொதியைப்போல ஊசி வழியே செலுத்தி ஈடுகட்ட முடியாது.