19 அடி நீள போட்டோ

எங்க ஊர் சங்கரன்கோவில். ஆடித் தபசுக்கு வந்துட்டுப் போனவங்க போனைத் திறந்தா ராஜகோபுரம் இருக்கும், கோமதி அம்மன் சப்பரம் இருக்கும், கூட்டம் இருக்கும். கோயில் அடித்தளத்துக் கல்லுல இருக்கிற எழுத்தை மட்டும் யாரும் எடுக்க மாட்டோம். படிக்கத் தெரியாததை எதுக்கு எடுக்கணும்? அதை மெனக்கெட்டு எடுத்த ஒருத்தரைப் பத்தித்தான் இந்த எபிசோடு.

பேர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. விடுப்பில் இங்கிலாந்து போன சமயத்தில் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து, 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைச் சொந்த ஆர்வத்தில் எடுத்தார். 1855 மதராஸ் கண்காட்சியில் அந்தப் படங்களுக்கு நல்ல பேர். அடுத்த வருஷமே மதராஸ் அரசு அவரைத் தன் போட்டோகிராபரா நியமிச்சது.

1858 தொடக்கத்தில் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுற்றினார். (மதுரைக்குத் தெற்கே இறங்கலை. எங்களுக்கு அதுல சின்ன வருத்தம்.) படத்துல வானம் வெறிச்சுன்னு விழுந்தா நெகட்டிவ்லயே மேகம் வரைஞ்சிடுவார். பில்டர் ஒண்ணும் நம்ம கண்டுபிடிப்பு இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில்ல விமானத்தை எடுத்ததோட அவர் நிறுத்தலை. அதன் அடித்தளத்தில் வரிவரியா ஓடுற கல்வெட்டைத் துண்டு துண்டா எடுத்தார். 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளா ஆக்கினார். சுவரில் மாட்டி ரசிக்கிற படமே இல்லை அது. கல்லும் எழுத்தும்தான். இத்தனைக்கும் அவர் கல்வெட்டு அறிஞரும் இல்லை. எனக்கு அவர் எடுத்ததிலேயே பெரிய படம் அதுதான்.

1859ல் சார்லஸ் டிரெவெல்யன் ஆளுநரா வந்தார். 1857 கிளர்ச்சிக்கு அப்புறம் கஜானா தள்ளாடின நேரம். நம்ம நிதி நிலைமைக்கு போட்டோ ஒரு ஆடம்பரம்னு சொல்லி நிறுத்திட்டார். கணக்குப் பார்க்கிறவர் வேற என்ன சொல்வார்?

ஆனா அந்த விமானக் கல்வெட்டுகள்ல என்ன இருக்கு தெரியுமா? தானும், அக்கா குந்தவையும், மத்தவங்களும் கோயிலுக்குக் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜ சோழன் போட்ட உத்தரவே அங்கதான் இருக்கு. ஹுல்ட்ஷ் பதிப்பிச்ச தஞ்சைக் கல்வெட்டுத் தொகுதி அச்சில் வர ஆரம்பிச்சது 1891ல். டிரைப் எடுத்து 33 வருஷம் கழிச்சு. இடையில் அந்தக் கல்லுக்கு எதுவும் ஆகலை. எல்லாக் கல்லுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. திருப்பணின்னு மணலைப் பீய்ச்சிச் சுத்தம் பண்ணி, எழுத்தே தேய்ஞ்சுபோன கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

டிரைப் மறுபடி படை வேலைக்கே போயிட்டார். அதுக்கப்புறம் கேமராவை அபூர்வமாத்தான் தொட்டார். 1902ல், பிறந்த ஊரான டெவன்போர்ட்ல இறந்தார்.