நெய்யூர்க் கல்வியும் கருத்தியலும்

கல்வி வரலாறு என்னும் பெயரால் நம்மிடையே வழங்கும் நூல்களுட் பல, பள்ளிகளை நிறுவியோர் வரலாறாகவே அமைந்துள்ளன. எவர் நிறுவினார், எவ்வாண்டில் நிறுவினார், எத்துணைப் பேர் பயின்றனர் என்பன அவற்றில் உண்டு. பயின்றோர் அக்கல்வியைக் கொண்டு என் செய்தனர் என்னும் வினாவிற்கு அவற்றில் இடம் அரிது. அவ்வினாவை முன்னிறுத்தி, தென் திருவிதாங்கூரில் இரணியலை அடுத்துள்ள நெய்யூரை மையமாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த கல்வி முயற்சியை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆய்வு நெறி

கருத்தியல் என்னும் சொல்லை ஈண்டு, ஒரு சமூகத்தில் நிலவும் அதிகார உறவுகளை இயல்பானவை எனவும் மாற்றவொண்ணாதவை எனவும் தோன்றச் செய்யும் எண்ணத் தொகுதி என்னும் பொருளில் ஆளுகின்றோம். இப்பொருளில் கல்வியையும் பண்பாட்டையும் ஆராயும் நெறியை, 1923-இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் நிறுவப்பெற்ற சமூக ஆய்வு நிறுவனத்தார் வளர்த்தெடுத்தனர். உள்ளதை உள்ளவாறு விளக்குவதோடு அமையாது, தான் நிற்கும் சமூக நிலையையும் வினாவிற்கு உட்படுத்தும் ஆய்வே திறனாய்வுக் கோட்பாடு என ஹோர்க்ஹைமர் 1937-இல் எழுதிய கட்டுரை வேறுபடுத்திக் காட்டிற்று. இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்சி (1891–1937), ஆளுவோர் வன்மையால் மட்டுமன்றி ஆளப்படுவோரின் இசைவாலும் ஆளுகின்றனர் என்றார். பிரான்சு நாட்டு அல்தூசர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், முற்காலத்தில் திருச்சபை வகித்த இடத்தை இக்காலத்தில் பள்ளி ஏற்றுள்ளது என்று வாதித்தார்.

தமிழகத்தில் இவ்வகை ஆய்வைக் கூட்டு முயற்சியாக வளர்த்தவருள் நா. வானமாமலை (1917–1980) தலையாயவர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திவந்த அவர், 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தோற்றுவித்தார். 1969 முதல் ‘ஆராய்ச்சி’ என்னும் இதழை நடத்தினார். பல்கலைக்கழக எல்லைக்குப் புறத்தே ஆசிரியரும் இயக்கத்தாரும் கூடிக் கட்டுரை படித்து வாதிட்ட அவை அது. ஒரு நூல் எவர் நலனைப் பேசுகின்றது, எவர் வாய்மொழி ஏட்டில் ஏறாது நின்றது என்பன அக்குழுவினர் எழுப்பிய வினாக்கள். இலக்கியத்தின்மேல் அவர்கள் எழுப்பிய அவ்வினாக்களையே நாம் நெய்யூர்ப் பள்ளியின்மேல் எழுப்ப முற்படுகின்றோம்.

2. பின்புலம்

நெய்யூர் நாஞ்சில் நாட்டின் மேற்கெல்லையை அடுத்துக் கல்குளம் வட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணையும்வரை இவ்வட்டம் திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வாழ்ந்த நாடார் முதலாய குடிகள் பல்வகை வரிகளுக்கும், கூலியின்றி அரசுக்குச் செய்ய வேண்டிய ஊழியத்திற்கும் உட்பட்டிருந்தனர். அவர்க்கும் கீழாக வைக்கப்பட்ட புலையர், பறையர் ஆகியோருட் பலர் அடிமைகளாக விற்கவும் வாங்கவும் பட்டனர். அடிமை முறை திருவிதாங்கூரில் முற்றாக ஒழிக்கப்பட்டது 1855-இலேயாகும்.

1817-இல் அரசி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என ஆணை பிறப்பித்தார். கல்வி வரலாற்றாசிரியர் போற்றும் ஆணை இது. எனினும், கோயிலை அடுத்த தெருவிலேயே நடக்கவொண்ணாத சிறுவன் அரசுப் பள்ளியின் படியேறுதல் எங்ஙனம்? ஆணை பொதுவாக இருந்தது. வழி பொதுவாக இல்லை. இவ்விடைவெளியிலேதான் இலண்டன் மிஷன் சங்கத்தார் தம் பள்ளிகளை அமைத்தனர்.

மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சைக்குச் சென்று கிறித்தவம் தழுவி மீண்டார். அவர்தம் அழைப்பை ஏற்று 1806-இல் செருமானியரான ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1816-இல் இந்நாட்டை விட்டு நீங்கினார். அவருக்குப்பின் வந்த சார்லஸ் மீடு பணியின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். ஆங்கு உயர்நிலைப் பயிற்சிப் பள்ளியும் அச்சுக்கூடமும் தோன்றின. பின்னர்ப் பணிக்களம் கிழக்கு, மேற்கு என இரு கூறாயிற்று. 1828-இல் மேற்குக் கூற்றின் தலைமையிடமாக நெய்யூர் அமைந்தது. மீடு ஆங்கே குடியேறினார்.

3. பள்ளியின் நோக்கம்

நெய்யூரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிகள் தோன்றின. மீடின் துணைவியார் ஜோஹன்னா பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியை நடத்தினார். சுற்றுச் சிற்றூர்களில் ஆலயமும் பள்ளியும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் இயங்கின. உபதேசியாரே ஆசிரியராகவும் இருந்தார். 1838-இல் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வந்து மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1861-இல் வந்த மருத்துவர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவம் பயிற்றும் வகுப்பினை ஏற்படுத்தினார். தொடுதலே தீட்டெனக் கருதப்பெற்ற குடியிற் பிறந்தவன் பிறர்க்கு நாடி பார்க்கும் நிலை இதனால் உண்டாயிற்று.

இங்குத் தமிழ் ஆய்வாளர் கருதத் தகுவது ஒன்றுண்டு. மலையாளம் ஆட்சிமொழியாக விளங்கிய நாட்டில், நெய்யூர், நாகர்கோவில் பகுதிகளில் மிஷன் பள்ளிகள் தமிழிலேயே கற்பித்தன. அச்சிட்ட தமிழ் நூல், எழுத்தறிவு அதுவரை எட்டாதிருந்த இல்லங்களுக்குள் புகுந்தது.

இப்பள்ளிகளின் நோக்கம் யாது? திருமறையைத் தாமே படிக்கும் சபையாரை உருவாக்குதல் முதல் நோக்கம். தூய்மை, உழைப்பு, அடக்கம், ஆட்சிக்குக் கீழ்ப்படிதல் ஆகிய ஒழுக்கங்களைப் பயிற்றுதல் அடுத்தது. சாதி இழிவை எதிர்த்த சங்கத்தார் ஆங்கில ஆட்சியை எதிர்த்தாரல்லர்; ரெசிடெண்டின் துணையை நாடியே பணி செய்தனர். மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் மீடு நாகர்கோவிலில் நீதிபதியாகவும் அமர்த்தப்பெற்றமை இவ்வுறவைத் தெளிவாக்கும். இவ்வளவில் நோக்கின், அல்தூசர் கூறும் கருத்தியற் கருவியாகவே நெய்யூர்ப் பள்ளி தோன்றுகின்றது. பழைய ஆண்டையின் இடத்திற் புதிய ஆண்டைக்கு இசைவு தேடித்தரும் கருவி அது எனல் எளிது. அங்ஙனம் முடிவு கட்டுதற்குமுன் பயின்றோர் செயலையும் காணவேண்டும்.

4. குப்பாயமும் தோள்சீலையும்

பெண்கள் மார்பை மறைத்தல் பற்றிய போராட்டம் பலராலும் எழுதப்பெற்றதே. எனினும், அதன்கண் உள்ள நுண்ணிய வேறுபாடு ஒன்று கல்வி வரலாற்றிற்கு உரியது. 1814-இல் பிறந்த ஆணை, கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் அணிய இசைவு தந்தது. சிரியக் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிந்த சட்டை வகை அது. ஆனால் உயர்ந்தோர் எனப்பட்ட குலத்துப் பெண்கள் தோளிலே இட்ட மேலாடையாகிய தோள்சீலைக்கு அவ்வாணை இசையவில்லை. மிஷன் இல்லத்தார் விரும்பியது குப்பாயம். அஃது அடக்கத்தின் அடையாளம். பெண்களோ குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் அணிந்து வெளிவந்தனர். அது சமன்மையின் அடையாளம்.

பள்ளி கற்பித்தது அடக்கம். பயின்றோர் கற்றது உரிமை. 1820-களின் தொடக்கத்திலேயே கல்குளம் பகுதியில் இதுபற்றிப் பூசல் விளைந்தது. 1823-இல் பத்மநாபபுர நீதிமன்றம் கிறித்தவப் பெண்கள் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1827 முதல் 1829 வரை கலகம் மீண்டும் மூண்டபொழுது, தாக்கினோர் பெண்களின் ஆடையைக் கிழித்ததோடு நில்லாது பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் தீயிட்டனர். ஆடைக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பை எதிர்ப்போர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 1829 பிப்ரவரி 3-ஆம் நாளைய அரசாணை தோள்சீலையை மீண்டும் விலக்கியது. 1858-இல் கலகம் மறுபடியும் எழுந்தது. அக்காலத்தில் கிறித்தவரல்லாத நாடார் பெண்களும் மேலாடை அணிந்து வரலாயினர். சென்னை ஆளுநர் டிரெவெல்யன் வற்புறுத்தலின்பின், 1859 சூலை 26-இல் வெளியான அரசாணை மதவேறுபாடின்றி நாடார் பெண்கள் அனைவரும் மேலுடலை மறைத்துக்கொள்ள இசைந்தது. ஆயினும் உயர்குலப் பெண்களைப் போல் அணிதலாகாது என்னும் வரம்பை விட்டுவைத்தது.

நிறுவியோர் வகுத்த நோக்கத்தைப் பயின்றோர் கடந்து சென்றனர் என்பதும், பள்ளியிற் பயிலாதோரும் அவ்வுரிமையைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதும் இதனாற் போதரும். கருத்தியற் கருவி எனப்படும் பள்ளி, தன்னை இயக்குவோர் கையில் மட்டும் அடங்கி நிற்பதன்று.

5. பள்ளிக்குள் நின்ற வேலி

எனினும், நெய்யூரை விடுதலைக் கூடமாக மட்டும் புகழ்ந்து முடித்தலும் பொருந்தாது. சமயம் மாறிய அளவில் சாதி மாறவில்லை. 1850-களின் தொடக்கத்தில் மீடு, ஜோஹன்னாவின் மறைவிற்குப்பின், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த கிறித்தவப் பெண்ணை மணந்தார். எதிர்ப்பு எழுந்தது. சாதி வேறுபாடில்லை எனப் போதித்த அவையில் அம்மணம் பொறுக்கப்படவில்லை. மீடு சங்கத்தினின்று விலகி, 1855-இல் திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளின் கண்காணிப்பாளரானார். முப்பது ஆண்டுகட்குமேல் அப்பணிக்கு உழைத்தவர் நிலையே இதுவாயின், எளிய ஆசிரியர் எவரேனும் வேலியைத் தாண்ட முயன்றிருப்பின் அவர் நிலை யாதாயிருக்கும் என உய்த்துணரலாம்.

பெண்கல்வியிலும் இவ்விரு தன்மையைக் காண்கின்றோம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய ரேந்தைப் பின்னல் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் பலர்க்குக் கைத்தொழிலாயிற்று. தம் கையால் ஈட்டிய காசு பெண்ணுக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரு நிலையைத் தந்தது. ஆயின், அந்நுண்பின்னலை விலைகொடுத்து அணிந்தோர் அயலார். எழுத்தறிவோடு தையலும் பயின்ற அப்பெண்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதிய ஏடுகளோ அரிய.

இங்கு அறிவாக்கம் பற்றியும் ஒரு சொல். அண்டையிலுள்ள இடையன்குடியில் பணிபுரிந்த கால்டுவெல், நெல்லைப் பகுதி நாடார்களைப் பற்றி 1849-இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். அக்குடியினரை இழித்துரைத்ததென அந்நூலுக்குப் பின்னாளில் அக்குடியினரே கடும் மறுப்பெழுப்பினர். மறுத்தோர் மிஷன் கல்வி பெற்றோர். தம்மைப்பற்றிப் பிறர் எழுதிய அறிவினைப் படித்து மறுக்கும் ஆற்றலை அளித்ததும் அக்கல்வியே.

6. ஏட்டில் எழுந்த மறுப்பு

மிஷன் பள்ளிக்கு வெளியே அதேகாலத்தில் மற்றொரு குரலும் எழுந்தது. 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த வைகுண்ட சுவாமிகள், பின்னாளில் சாமித்தோப்பு எனப் பெயர்பெற்ற ஊரிலிருந்து சாதி இழிவையும் அரசின் கொடுமையையும் மறுத்துரைத்தார். சுவாதித் திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரத்திற் சிறையிடப்பட்டார். அவர்தம் அடியவர் தலைப்பாகை அணிந்து, கண்ணாடியின் முன் நின்று வழிபட்டனர். தலையில் துணியணிதல் மறுக்கப்பட்ட குடிக்குத் தலைப்பாகை வழிபாட்டுக் கோலமாயிற்று.

இவ்வியக்கத்தின் நூலாகிய அகிலத்திரட்டு அம்மானை 1841-இல் அரிகோபாலன் சீடரால் ஏட்டில் எழுதப்பெற்றதென்பது அவ்வழியினர் கொள்கை. பதினையாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட இப்பெருநூல் 1939-இலேயே அச்சேறியது. குடிகள் தாங்கிய வரிகளை அது நிரல்படக் கூறுகின்றது; திருவிதாங்கூர் அரசைக் கலிநீசன் எனவும், வெள்ளையரை வெண்ணீசன் எனவும் பெயரிட்டு இரு ஆட்சிகளையும் ஒருங்கே மறுக்கின்றது. மிஷன் பள்ளி ஓர் அதிகாரத்தை எதிர்த்து மற்றோர் அதிகாரத்தோடு இசைந்தது. அகிலம் இரண்டோடும் இசையவில்லை. அச்சுக்கூடமும் வெளிநாட்டுப் பொருளும் துணையில்லாத ஓர் இயக்கம், அம்மானை என்னும் நாட்டார் வடிவத்தைக் கையாண்டு இம்மறுப்பைச் செய்துள்ளது.

7. முடிவு

இதுகாறும் ஆய்ந்தவற்றால் சில கருத்துகள் பெறப்படும். கல்வியின் கருத்தியல் பாடநூலிலோ நிறுவியோர் உள்ளத்திலோ மட்டும் உறைவதன்று. பயின்றோர் அதனை எவ்வழியிற் செலுத்தினர் என்பதிலும் உறைகின்றது. ஒரே பள்ளி அடக்கத்திற்கும் உரிமைக்கும் இடமளித்தது. ஒரே அவை சாதியை மறுத்தும் காத்தும் வந்தது. ஆகவே, மிஷன் கல்வியைப் பேரருள் எனப் புகழ்வாரும் சூழ்ச்சி என இகழ்வாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருசாராரும் கற்பித்தோரைக் காண்கின்றனர், கற்றோரைக் காண்கிலர்.

சான்றுகளைப் பற்றியும் கூறல் வேண்டும். நெய்யூர்ப் பணியைப் பற்றிய அறிக்கைகளுட் பெரும்பாலன இங்கிலாந்தில் நன்கொடை அளித்தோர் படிப்பதற்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றை விலக்கவும் இயலாது. அவற்றையே முழுதும் நம்பவும் இயலாது. அவற்றோடு நீதிமன்றத் தீர்ப்பையும், அரசாணையையும், அகிலத்தையும், வாய்மொழி வழக்கையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். அகிலத்தைச் சமயத்துறைக்கும், மிஷன் அறிக்கையை வரலாற்றுத்துறைக்கும், நாட்டார் வழக்கை வேறொரு துறைக்கும் பிரித்தளித்துவிட்டு நாம் வாளா இருத்தல் தகாது. ஒரு குடி, தான் கற்ற எழுத்தைக் கொண்டும் கல்லாத எழுத்தைக் கொண்டும் தன் நிலையை எவ்வாறு வாதிட்டது என்பது தமிழ்த்துறைக்கே உரிய வினா. நெய்யூரைப் பற்றி ஆராயப் புகும் இளைய ஆய்வாளர், பள்ளிப் பதிவேட்டோடு அம்மானை ஏட்டையும் கையிற்கொண்டு தொடங்குவாராக.